வாகனத்தின் மேல் விழும் சிரிப்பு: சீனக் குரங்கும் வடபழனி அரக்கனும்

1. முகப்பு

ஆவணி முகூர்த்தத்தில் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கல்யாணம் ஒன்றல்ல. பெரிய முகூர்த்த நாளில் எண்ணிக்கை நூறைத் தாண்டும். ஔஷதகிரியின் 74 படிகளில் ஒரு மாலை ஏறும்போது எதிரே இரண்டு மாலை இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாயனம் நலங்கில் இருக்க, பக்கத்து நாயனம் கெட்டிமேளத்தில் இருக்கும். அப்படியொரு காலையில் எங்கள் உறவில் பெரியவர் ஒருவர் மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் வாங்கிய பிறகுதான் பெண் வீட்டார் ஒருவரும் தெரிந்த முகமில்லை என்பதைக் கவனித்தார். பக்கத்துக் கல்யாணம். மொய்யைத் திருப்பிக் கேட்கக் கூச்சம். கை கழுவிக்கொண்டு எங்கள் பந்திக்கு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். "கடோத்கஜன் வந்துட்டாருப்பா, இலை போடு" என்று என் மாமா குரல் கொடுத்தார். பந்தியே சிரித்தது.

அந்தச் சிரிப்பைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. புனிதமென்று கும்பிடும் கதைக்குள் வேடிக்கை எந்த வாசல் வழியாக நுழைகிறது? யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது? சீனத்தின் 'மேற்குப் பயணம்' நாவலை வைத்து ஜப்பானில் எடுத்த ஒரு மாயாஜாலச் சிரிப்புப் படத்தையும், பாரதக் கதையை வைத்து வடபழனியில் எடுத்த 'மாயா பஜார்' படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். என் கருத்தைக் கோயில் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: மூலவர் மேல் சிரிப்பு விழாது, வாகனத்தின் மேல் விழும்.

2. தலபுராணமே சாட்சி

இதற்கு முதல் ஆதாரம் திருவந்திபுரத்திலேயே இருக்கிறது. அங்கே கோயில் கொண்ட தேவநாதப் பெருமாளுக்குத் தாகம் எடுத்தது. கருடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கருடன் பறந்து போனான், வருகிற வழியாக இல்லை. காத்திருந்த ஆதிசேஷன் வாலால் பூமியை அடித்தான், நீர் பொங்கியது. அதுதான் சேஷ தீர்த்தம். பக்தர்கள் இன்றும் உப்பு, மிளகு, வெல்லம் கொண்டுவந்து அந்தக் கிணற்றில்தான் போடுகிறார்கள். பெருமாள் குடித்து முடித்த பிறகு கருடன் நீரோடு வந்து சேர்ந்தான். முகம் வாடியது. அதையும் வீணாக்க மனமில்லாமல் பெருமாள் ஏற்றுக்கொண்டார். கருடன் கொண்டுவந்த நீர் கருட நதி, இன்றைய கெடிலம்.

மேலதிகாரிக்குத் தாகம், இரண்டு சேவகருக்குள் போட்டி, ஒருவன் தாமதம். எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய கூத்து. ஆனால் சிரிப்பு முழுவதும் கருடன் மேல்தான். பெருமாள் மேல் ஒரு துளியும் தெறிப்பதில்லை. வேதாந்த தேசிகர் பல காலம் வாழ்ந்த ஊர் இது. தேவநாதன் மேல் வடமொழியிலும் பிராகிருதத்திலும் தமிழிலும் பாடியிருக்கிறார். அவ்வளவு கனமான மரபு நிற்கிற இடத்திலேயே இப்படியொரு எளிய வேடிக்கையும் நிம்மதியாகக் குடியிருக்கிறது.

3. தூக்கியவனும் அடியில் கிடந்தவனும்

ஔஷதகிரிக்கு இன்னொரு கதையும் உண்டு. அனுமன் மருந்து மலையைத் தூக்கிக்கொண்டு போகையில் உதிர்ந்த துண்டு இது என்பார்கள். இலங்கையில் காலிக்கு அருகே ருமஸ்ஸல மலைக்கும் இதே கதை. தமிழ்நாட்டிலும் இதைச் சொல்லிக்கொள்ளும் மலைகள் இருக்கின்றன. அனுமன் கொண்டுபோனதைவிடச் சிந்தியதுதான் அதிகமோ என்று தோன்றும்.

சீனக் குரங்குக்கும் மலைக்கும் உறவு தலைகீழ். 'மேற்குப் பயணம்' நாவலின் குரங்கு சுன் வூகோங் கல்லில் பிறந்தவன். சொர்க்கத்தில் கலகம் செய்தான். ஒரு குட்டிக்கரணத்தில் 1,08,000 லீ தூரம் போகிற மேகத்தில் பறந்தும் புத்தரின் உள்ளங்கையைத் தாண்ட முடியவில்லை. புத்தர் அவனை மலைக்கடியில் அமுக்கினார், 500 ஆண்டு. நம் குரங்கு பணிவால் மலையைத் தூக்கியது. அவர்கள் குரங்கு திமிரால் மலைக்கடியில் கிடந்தது. இரண்டும் ஒரே குரங்குதானா என்று சீன அறிஞர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். அனுமனே மூலம் என்றார் ஹூ ஷி, 1923இல். இல்லை, அது சீனத்தின் ஆற்றுப் பூதம் என்றார் லூ சுன். அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை.

ஆனால் நூறு அத்தியாய நாவலுக்கு அடியில் கிடக்கிற மனிதர் தமிழ் மண்ணுக்குத் தெரிந்தவர். பௌத்தத் துறவி யுவான் சுவாங் 629இல் சீனத்திலிருந்து புறப்பட்டு, 645இல் ஓலைச்சுவடிகளோடு திரும்பினார். இடையில், 640ஐ ஒட்டி, பல்லவர் காஞ்சிக்கு வந்தார். இலங்கை போக நினைத்தார். அங்கே அரசன் இறந்து பஞ்சம் என்று அங்கிருந்து வந்த பிக்குகள் சொல்ல, பயணத்தைக் கைவிட்டார். அந்தப் பயணத்தில் குரங்கு இல்லை, பன்றி இல்லை. தொள்ளாயிரம் ஆண்டு சொல்லிச் சொல்லி, 1592இல் நாஞ்சிங்கில் அச்சேறிய நாவலில் துறவி பின்னால் போய்விட்டார், குரங்கு முன்னால் வந்துவிட்டது. துறவிதான் மூலவர். அவருக்குத் துணை போகும் குரங்கும் பன்றியும் வாகனங்கள். வாசகர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

4. 1940, டோக்கியோ

4.1 படம்

'எனோகெனின் சோங்கோகு' 1940 நவம்பரில் தோஹோ நிறுவனத்திலிருந்து இரண்டு பாகமாக வந்தது. இயக்கியவர் யமமோத்தோ கஜிரோ. அகிரா குரோசவா இவரிடம்தான் உதவியாளராகத் தொழில் கற்றார். குரங்காக நடித்தவர் எனோமோத்தோ கெனிச்சி, மக்கள் சுருக்கமாக அழைத்த பெயர் எனோகென். அசகுசா மேடைகளில் பாட்டும் ஆட்டமும் கோணங்கியுமாக வளர்ந்தவர். நம் ஊரில் என்.எஸ். கிருஷ்ணன் பெயர் சுவரொட்டியில் இருந்தால் கூட்டம் வந்ததே, அந்த மாதிரி ஆள். சோங்கோகு என்பது குரங்கின் ஜப்பானியப் பெயர், ஆனால் படத்தின் தலைப்பு வெறும் குரங்கின் பெயரில்லை, 'எனோகெனுடைய' குரங்கு.

நாவலில் வரும் மேகத்துக்குப் பதிலாக இந்தக் குரங்கு விசிறி வைத்த விமானத்தில் பறக்கிறது. பாப்பை கார்ட்டூனின் கீரை டப்பா வேடிக்கையும் அமெரிக்கக் கார்ட்டூன் மெட்டுகளும் பழைய சீனக் கதைக்குள் தாராளமாக நுழைகின்றன. தந்திரக் காட்சிகளைச் செய்தவர் சுபுராயா எய்ஜி. பதினான்கு ஆண்டு கழித்துக் காட்ஸில்லாவை டோக்கியோ தெருக்களில் நடக்கவிட்டவர் அவரே.

4.2 காலம்

சிரிப்பை அங்கேயே நிறுத்திவிட்டு ஆண்டைப் பார்க்க வேண்டும். ஜப்பான் 1937இலிருந்து சீனத்தோடு போரில் இருந்தது. 1939இல் திரைப்படச் சட்டம் வந்து, படத் தொழில் அரசின் கைக்குள் போயிருந்தது. யாரோடு சண்டையோ அவர்களுடைய செவ்விலக்கியத்தை எடுத்து வைத்துச் சிரிப்புப் படம்! அதில் ஒரு வேடத்தில் வந்த ரி கோரான் சீனப் பெண் என்று விளம்பரமானவர், உண்மையில் மஞ்சூரியாவில் பிறந்த ஜப்பானியர், யமகுச்சி யோஷிகோ. மாயாஜாலப் படத்தில் மிகப் பெரிய மாயம் அந்தப் பெயர்தான் என்பேன்.

அடுத்து நடந்தது இன்னும் உறுத்துகிறது. இதே யமமோத்தோவும் இதே சுபுராயாவும் சேர்ந்து 1942 டிசம்பரில், முத்துத் துறைமுகத் தாக்குதலின் ஆண்டு நிறைவில், 'ஹவாய் மலேயா கடற்போர்' படத்தைத் தந்தார்கள். குரங்கு விளையாட்டாக ஓட்டிய விமானம் இரண்டே ஆண்டில் குண்டு போடும் விமானம் ஆனது. வாகனத்தின் மேல் சிரிப்பு மட்டுமல்ல, காலமும் ஏறிக்கொள்ளும். மூலவர் மாறுவதில்லை. எந்த வாகனத்தில் புறப்படுகிறார் என்பதில் அந்தந்த ஆண்டு தெரிந்துவிடும்.

4.3 ஏன் கூச்சமில்லை

ஜப்பானியருக்கு இந்தக் குரங்கு இரவல் பொருள், கும்பிடும் தெய்வமல்ல. தென்சீனத்திலும், அங்கிருந்து சிங்கப்பூர், மலேசியா போன சீனரிடையிலும் அவனுக்குக் கோயில் உண்டு, ஊதுவத்தி உண்டு. டோக்கியோவில் இல்லை. ஆகவே நகைச்சுவை நடிகருக்கு வேடம் கொடுக்கத் தயக்கமில்லை. 1959இல் யமமோத்தோவே மறுபடியும் இந்தக் கதையைப் படமாக்கினார். 1978இல் தொலைக்காட்சித் தொடர் வந்தது, அதில் துறவி வேடத்தை ஒரு நடிகை ஏற்றார். பிறகு 'டிராகன் பால்' கோகு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கோகு இவன்தான், வால் மட்டும் மிச்சம்.

5. 1957, வடபழனி

தமிழ்நாட்டில் அனுமன் வாகனமாக இருந்து மூலவரானவர். வடைமாலை, வெண்ணெய்க் காப்பு, நாமக்கல்லில் 18 அடி, நங்கநல்லூரில் 32 அடி. மூலவரான பிறகு அவர் மேல் சிரிப்பு விழாது. தமிழ்ப் படங்களில் அனுமன் கம்பீரமாகவே வருவார், சிரிப்பு நடிகருக்குப் போகிற வேடமல்ல அது. அப்படியானால் மாயமும் பசியும் முரட்டுக் குறும்பும் எங்கே போயின? பீமன் மகன் கடோத்கஜனிடம். நம் ஊரில் யாரும் அவனுக்குச் சாம்பிராணி போடுவதில்லை.

விஜயா புரொடக்‌ஷன்ஸ், கே.வி. ரெட்டி இயக்கத்தில் 'மாயா பஜார்' படத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாக எடுத்து 1957இல் வெளியிட்டது. எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜன், என்.டி. ராமாராவ் கிருஷ்ணர், சாவித்திரி வத்சலை. தமிழில் ஜெமினி கணேசன் அபிமன்யு, கே.ஏ. தங்கவேலு கௌரவர் வீட்டு மாப்பிள்ளை லட்சுமண குமாரன். வியாச பாரதத்தில் அபிமன்யுவின் மனைவி உத்தரைதான். பலராமன் மகள் வத்சலை அங்கே இல்லை, மக்கள் உண்டாக்கிய பெண். காவியத்தில் இடமில்லாத கல்யாணம் என்பதால்தான் சிரிக்க இடம் கிடைத்தது. 1935இலேயே இந்தக் கதை தமிழில் பேசும் படமாகிவிட்டது.

சாப்பாட்டுக் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கௌரவர் விருந்தினருக்காகச் சமைத்த அத்தனையும் கூடத்தில் பரப்பியிருக்கிறது. ரங்காராவ் உட்கார்ந்து, கதாயுதத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலில் மோந்து பார்க்கிறார். பாடுகிற குரல் திருச்சி லோகநாதனுடையது. கொஞ்ச நேரத்தில் கை எதற்கு என்று தோன்றிவிடுகிறது, லட்டுகள் தாமே எழும்பி வரிசையாக வாய்க்குள் போகின்றன. கேமராவை நிறுத்தி, பொருளை நகர்த்தி, மறுபடி ஓடவிடுவது ஆதிகாலத் தந்திரம். அதைத் தாங்கி நிறுத்துவது மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் ரங்காராவின் கன்னமும். அந்தக் கன்னம் உப்பும் விதத்தில் அரக்கன் இல்லை, பந்தியில் முதல் வரிசை பிடித்த சித்தப்பாதான் தெரிகிறார். சுபுராயாவின் விமானத்தைப் பார்த்து வியக்கலாம். இந்த லட்டைப் பார்த்தால் பசிக்கும்.

6. பொய் மணப்பெண்

இரண்டு மரபும் உண்மையாகக் கைகுலுக்கும் இடம் ஒன்று உண்டு. நாவலின் 18ஆம் அத்தியாயம். காவ் என்ற கிராமத்தில் ஒரு வீட்டுப் பெண்ணைப் பன்றிப் பூதம் பிடித்து வைத்திருக்கிறது. குரங்கு அந்தப் பெண்ணின் உருவம் எடுத்து இருட்டறையில் காத்திருக்கிறான். மாப்பிள்ளைப் பன்றி கொஞ்சிக்கொண்டு வருகிறது. பிறகு அடி.

'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜன், அபிமன்யுவுக்காக, வத்சலையாக மாறிக் கௌரவர் பந்தலில் உட்காருகிறான். இங்கே சாவித்திரி செய்வதுதான் படத்தின் உச்சம். புடவை வத்சலையுடையது, நடை ரங்காராவுடையது. தோள் அகன்று, கால் பரப்பி, யாராவது பார்த்தால் சட்டென்று நாணம். மாப்பிள்ளை கண்ணுக்கு மட்டும் அரக்கன் தெரிகிறான். அவன் அலறி மற்றவர் திரும்பும்போது குனிந்த தலையோடு மணப்பெண்.

தெருக்கூத்து பார்த்து வளர்ந்த கடலூர்க்காரனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கீசகன் வதம் கூத்தில் இருட்டில் பெண்ணாகக் காத்திருப்பவன் பீமன். அப்பன் செய்ததை மகன் செய்கிறான். சீனத்திலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று இதற்கு வம்சாவளி எழுதத் தேவையில்லை. கல்யாணம் என்பது முன்பின் தெரியாத ஒருவரை முக்காட்டோடு வீட்டுக்குள் கொண்டுவருகிற காரியமாக இருந்த இடங்களில் எல்லாம் இந்தப் பயம் இருந்திருக்கும், அதற்கு இந்தச் சிரிப்பும் இருந்திருக்கும்.

7. ஒரு மறுப்பு

கண்ணன் வெண்ணெய் திருடி அடி வாங்கவில்லையா, மூலவர் மேலேயே சிரிப்பு விழுகிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் கண்ணன் அடி வாங்குவது குழந்தையாக இருக்கும்போது. வளர்ந்த கண்ணனை ராமாராவ் எப்படி நடித்தார் என்று பாருங்கள், உதட்டோரத்தில் ஒரு புன்னகை, அவ்வளவே. அவர் சிரிக்கிறார், நாம் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

1965இல் ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. சிவாஜி சிவன். அவருக்குப் பக்கத்தில் நாகேஷ், தருமி. மண்டபத்தில் தனியே புலம்பும் ஏழைப் புலவன் படத்தையே தட்டிக்கொண்டு போனான். பரஞ்சோதியார் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி எதற்காகத் தேவைப்பட்டது? கல்யாணம் செய்துகொள்ள! எமனைப் பார்த்தும் தமிழ்ப் படம் தாராளமாகச் சிரித்திருக்கிறது, எருமையையும் சேர்த்து. வீட்டுப் பூஜையறையில் அவருக்குப் படம் கிடையாது.

8. கட்டியங்காரன்

கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளைப் பார்த்தால், படக்காரர்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்று புரியும். துகிலுரிதல் அன்று திரௌபதி வேடம் கட்டுபவர் விரதம் இருப்பார். மேடையில் அவருக்குச் சாமி வரும், பெண்கள் கற்பூரம் ஏற்றுவார்கள். கட்டியங்காரனுக்குச் சாமி வராது. ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறிவிட்டு, அதே மூச்சில் பஸ் கட்டணம், ரேஷன் அரிசி, எதிரே உட்கார்ந்து தூங்கும் நாட்டாமை என்று எல்லாவற்றையும் அஸ்தினாபுரத்துக்குள் இழுத்துவிடுவான். எனோகென் கீரை டப்பாவைத் திறந்ததும் இதே வேலைதான்.

கட்டியங்காரன் பேச்சு எந்தப் பிரதியிலும் இல்லை. துரியோதனன் வசனம் வாத்தியாரின் நோட்டில் இருக்கும், தலைமுறை தாண்டும். இவன் பேசியது விடிந்ததும் போய்விடும், அடுத்த ஊரில் வேறு பஸ், வேறு நாட்டாமை. 1940இன் குரங்கும் 1957இன் அரக்கனும் ஃபிலிமில் மாட்டிக்கொண்டதால் நமக்குக் கிடைத்தார்கள்.

எங்கள் பெரியவர் கதையும் அப்படித்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது குடும்பத்தில் சொல்லும்போது அவர் மூன்று பந்தியில் சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள். மொய்த் தொகையும் ஏறிவிட்டது. யார் கல்யாணத்துக்குப் போனோம், மாப்பிள்ளை பெயர் என்ன என்பது மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை.