தலைக்கட்டும் ரைடர் கோப்பையும்

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய தண்ணீரில் எவர் எந்த இடத்தில் சுத்துவலை கட்டலாம் என்பதைக் கைபலம் தீர்மானிப்பதில்லை, ‘பாடு’ தீர்மானிக்கிறது. இறால் நன்றாகப் படும் இடங்களை ஊர் வரையறுத்து வைத்திருக்கிறது. சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். நல்ல இடம் யாருக்கும் நிலையாகச் சொந்தமில்லை. இன்று ஒரு குழுவுக்கு வாய்த்தது அடுத்த முறை இன்னொரு குழுவுக்குப் போய்விடும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று பட்டினவர் குப்பங்கள் இந்த உரிமையைத் தலைமுறைகளாக வைத்திருந்தன. வெளியிலிருந்து வந்து ஆராய்பவர்கள் பெரும்பாலும் சீட்டின் நியாயத்தைத்தான் வியக்கிறார்கள். ஆனால் சீட்டு எழுதுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை சொல்லியாகிவிட்டது: யார் பெயரை எழுதலாம்? ஊரில் தலைக்கட்டாகக் கணக்கில் வந்தவருக்கே பாடு. பட்டியல் சாதி மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும், பாடு இல்லாத மற்ற ஊர்க்காரர்களுக்கும் அந்தச் சீட்டில் இடமில்லை; ஏரியில் பல பத்தாண்டுகளாக நடக்கும் சண்டைகளில் பல இதிலிருந்தே கிளம்பியவை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அந்த நேர்மை பட்டியலுக்குள் இருப்பவர்களோடு முடிந்துவிடுகிறது. நாடுகளுக்கு இடையிலான அணிக் கோல்ஃப் போட்டிகளின் வரலாற்றையும் இந்தத் தலைக்கட்டுக் கணக்கை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது இந்த வார வாதம். ‘நம் அணி’ என்று யாரை எண்ணினார்கள் என்பதிலேயே முடிவுகளில் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது.

ரைடர் கோப்பையிலிருந்து தொடங்குவோம். விதைகளைச் சிறு பொட்டலமாகக் கட்டிப் பென்னி விலைக்கு விற்றுப் பணக்காரரான சாமுவேல் ரைடர் என்ற ஆங்கிலேயர் தந்த கோப்பை அது. 1927-ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் நடந்த முதல் போட்டியில் அமெரிக்கா 9½–2½ என்று பிரிட்டனை வென்றது. அதன்பின் வந்த அரை நூற்றாண்டு ஏறக்குறைய அதே பாட்டுத்தான். 1977 வரை நடந்த 22 போட்டிகளில் அமெரிக்காவுக்கு 18 வெற்றி. பிரிட்டனுக்கு 1929, 1933, 1957 என்று மூன்றே மூன்று. 1967-ல் ஹூஸ்டனில் 23½–8½ என்று வாங்கிய அடி இந்த வரலாற்றிலேயே மோசமானது. 1969-ல் ராயல் பர்க்டேலில் ஆட்டம் சமனில் முடிந்தது. டோனி ஜாக்லின் கடைசிக் குழியில் போட வேண்டியிருந்த சிறு அடியை ஆடச் சொல்லாமலே ஜாக் நிக்லஸ் விட்டுக்கொடுத்த அந்த நிமிடத்தைப் பெருந்தன்மைக்கு உதாரணமாக இன்றும் சொல்கிறார்கள். பெருந்தன்மை காட்டும் அளவுக்கு ஒரு தரப்பு வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். 1973-ல் அணியின் பெயரில் அயர்லாந்தைச் சேர்த்தார்கள், முடிவு மாறவில்லை. 1977-ல் அதே நிக்லஸ், பிரிட்டிஷ் தொழில்முறைச் சங்கத் தலைவரான டர்பி பிரபுவிடம், ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்களை எடுத்தால்தான் இந்தப் போட்டி பிழைக்கும் என்று வலியுறுத்தினார். 1979-லிருந்து எதிரணியின் பெயர் ஐரோப்பா. அன்று முதல் 2025 வரை நடந்த 23 போட்டிகளில் ஐரோப்பாவுக்கு 13 வெற்றி, அமெரிக்காவுக்கு 9, ஒன்று சமன்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். எல்லையை மாற்றியதால் வந்ததல்ல இந்த வெற்றி. அந்தக் காலத்தில் பிரிட்டனிலேயே நிக் ஃபால்டோ, சாண்டி லைல், ஸ்காட்லாந்திலிருந்து பிறகு காலின் மான்ட்கோமரி என்று நல்ல ஆட்டக்காரர்கள் எழுந்தார்கள். பழைய எல்லைக்குள்ளேயே இருந்திருந்தாலும் வென்றிருப்பார்கள் என்பது அது. இந்த மறுப்பைச் சோதிக்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. தொழில்முறையல்லாத ஆட்டக்காரர்களுக்கான வாக்கர் கோப்பை 1922-ல் தொடங்கியது. அங்கே அமெரிக்காவுக்கு எதிரே நிற்பது இன்றுவரை பிரிட்டனும் அயர்லாந்தும் மட்டுமே. அந்த எல்லையை யாரும் தொடவில்லை. 1977 வரை அங்கே 26 போட்டிகள். பிரிட்டன்–அயர்லாந்து வென்றது இரண்டு, 1938-லும் 1971-லும். 1979 முதல் 2025 வரை 24 போட்டிகளில் ஏழு வென்றிருக்கிறார்கள். ஆக, மறுப்பில் உண்மை இருக்கிறது: எல்லையை மாற்றாமலேயே பிரிட்டிஷ் ஆட்டம் உயர்ந்திருக்கிறது. ஆனால் 24-ல் ஏழு என்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை; 23-ல் பதின்மூன்று என்பது பாதிக்கு மேல். ஒன்றில் ஆடுவது பயிலும் இளைஞர்கள், மற்றதில் சம்பாதிக்கும் வீரர்கள் என்பதால் இரண்டும் அச்சாக ஒப்பிடத் தக்கவை அல்லதான். அப்படியும் இந்த இடைவெளியின் பெரும்பகுதியை ஸ்பெயினின் செவே பாயஸ்டெரோஸும் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கரும்தான் நிரப்பினார்கள் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1987-ல் ஓஹையோவில், நிக்லஸ் தானே வடிவமைத்த மைதானத்தில், அவரே தலைவராக இருந்த அமெரிக்க அணியை ஐரோப்பா 15–13 என்று வென்றது. யோசனை சொன்னவருக்கே கிடைத்த பலன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. எல்லையை அகலமாக்கினால் வெற்றி வரும் என்றால், 1994-ல் தொடங்கிய பிரசிடென்ட்ஸ் கோப்பையில் ஐரோப்பா தவிர்த்த உலகமே ஓரணியாக அமெரிக்காவை எதிர்க்கிறதே, அங்கே ஏன் வரவில்லை? 2024 வரை 15 போட்டிகள்; உலக அணி வென்றது 1998-ல் மெல்பர்னில் ஒரே ஒரு முறை. 2003-ல் தென்னாப்பிரிக்காவில் 17–17 என்று சமன். மீதி 13-ம் அமெரிக்காவுக்கு. 2015-ல் தென் கொரியாவின் இஞ்சியோனில் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள்: 15½–14½. அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர் அனிர்பன் லாஹிரி. கடைசி நாள் கடைசிக் குழியில் அவர் ஒரு சிறிய அடியைத் தவறவிட்டது அவரைவிட நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கே அதிகம் வலித்தது. பழியை அந்த அடியின் மேல் போட முடியாது. ‘மற்றவர்கள்’ என்பதைத் தவிர அந்த அணிக்கு வேறு இலக்கணம் இல்லை. ஆஸ்திரேலியர், கொரியர், ஜப்பானியர், தென்னாப்பிரிக்கர் எல்லோரும் ஒரே தொழில்முறைச் சுற்றில் ஒன்றாக வளர்ந்தவர்கள் அல்லர். ஐரோப்பியர்களோ 1972 முதல் ஒரே தொழில்முறைச் சுற்றில், அதே மழையிலும் அதே விடுதிகளிலும், ஒருவரோடொருவர் மோதிப் பழகியவர்கள். பாடு முறையிலும் இதைக் காணலாம்: பெயர்ப்பட்டியலை மட்டும் நீட்டினால் தலைக்கட்டு கூடிவிடாது, ஊர்க்கூட்டத்தில் உட்காரவும், வரி கட்டவும், முறைக்குக் காத்திருக்கவும் பழகியவரே தலைக்கட்டு. எல்லையை அகலமாக்குவதோடு, எல்லைக்குள் ஒரு பொது வாழ்க்கையும் வேண்டியிருக்கிறது.

கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கையும் சோற்றுக்கு வலை வீசுபவர்களின் முறையையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்று யாராவது சொன்னால், அதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பியர்களைச் சேர்த்தபோது எந்தப் பிரிட்டிஷ் வீரரின் அடுப்பும் அணையவில்லை. போட்டி விறுவிறுப்பானது, தொலைக்காட்சிப் பணம் பெருகியது, எல்லோருக்கும் பங்கு கூடியது. ஏரியில் கணக்கு நேர்மாறு. புதிதாக ஒரு தலை சேர்ந்தால் பழைய தலைக்கு வரும் முறை தள்ளிப்போகும். முகத்துவாரம் மணல் அடைத்துச் சுருங்கும் ஆண்டுகளில் அந்தத் தள்ளிப்போதல் கடனாக மாறும். எல்லைக்குக் காவல் நிற்பவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது எளிது. ஏரி தானாக வளராது என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். அதனாலேயே கோல்ஃபின் பழமைக்கு அந்தச் சலுகையைத் தர முடியாது. அங்கே இடமும் இருந்தது, பணமும் இருந்தது. கதவைத் திறக்க மட்டும் மனமில்லாமல் இருந்தது.

அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களில் மீன்காரிகளும் உண்டு. ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பிறந்தது கடலுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள மணல் மேடுகளில். உழவுக்கு ஆகாத பொது நிலம். செயின்ட் ஆண்ட்ரூஸில் 1552-ல் பேராயர் ஜான் ஹாமில்டன் தந்த சாசனம், அந்த மணலில் கோல்ஃப் ஆடும் உரிமை ஊர்க்காரர்களுக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தது. 1810 டிசம்பரில் எடின்பரோவை அடுத்த மஸல்பரோவில் கிளப் ஒரு தீர்மானம் போட்டது: புத்தாண்டு நாளில் நன்றாக ஆடும் மீன்காரப் பெண்ணுக்கு ஒரு புதுக் கூடையும் சால்வையும், கூடவே பட்டுக் கைக்குட்டைகளும் பரிசு. பெண்களின் கோல்ஃப் போட்டிக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவாக இதையே சொல்கிறார்கள். (அதே காலத்து ஸ்காட்லாந்து நெசவாளர்கள் கட்டம்போட்ட கைக்குட்டைகளை ‘புலிகேட்’ என்ற பெயரில் நெய்து விற்றார்கள், டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய நம் பழவேற்காட்டின் துணி அங்கே பெயராகப் போய்ச் சேர்ந்திருந்தது.) அந்த மீன்காரிகளுக்குப் பரிசு கொடுத்தார்கள், உறுப்பினர் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் பெண்கள் அணிகள் மோதும் கர்டிஸ் கோப்பை 1932-ல்தான் வந்தது. தொழில்முறைப் பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பைக்கு 1990 ஆக வேண்டியிருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற கிளப் பெண்களை உறுப்பினராக்க 2014 வரை எடுத்துக்கொண்டது.

இந்தியாவின் அணிக் கணக்கையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் கோல்ஃப் முதன்முறையாக இடம்பெற்றது. லட்சுமண் சிங், ராஜீவ் மோத்தா, அமித் லூத்ரா, ரிஷி நாராயண் நால்வரும் அணித் தங்கம் வென்றார்கள். தனிநபர் தங்கமும் லட்சுமண் சிங்குக்கே. 2006 தோஹாவிலும் 2010 குவாங்சோவிலும் அணி வெள்ளி கிடைத்தது. இந்தப் பதக்கங்களைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலமெல்லாம் ஆசிய விளையாட்டில் பணத்துக்கு ஆடாதவர்களுக்கே இடம். நம் நாட்டில் பணம் வாங்காமல் பல ஆண்டுகள் கோல்ஃப் ஆடக்கூடியவர் பெரும்பாலும் கிளப் உறுப்பினர் வீட்டிலிருந்தோ ராணுவக் குடும்பத்திலிருந்தோதான் வர முடியும். மட்டைப் பை சுமந்து ஆட்டம் கற்ற பையன் கொஞ்சம் தேறியதும் வயிற்றுக்காகத் தொழில்முறைக்குப் போய்விடுவான். அத்தோடு ஆசிய விளையாட்டில் அவனுக்கு நாட்டின் அணி கிடையாது. டெல்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியரானார், 1993-லும் வென்றார். பெங்களூரில் அதே வழியில் வந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை எடுத்தார். நாட்டின் தலைசிறந்த போட்டியை வெல்லும் கைகளுக்கு ஆசிய விளையாட்டு அணியின் பட்டியலில் இடமில்லாமல் இருந்தது.

2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அந்த விதி தளர்ந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். இந்திய ஆண்கள் அணியில் லாஹிரியோடு எஸ்.எஸ்.பி. சௌரசியாவும் இருந்தார்: ராயல் கல்கத்தா கிளப்பின் புல்தரையைப் பராமரித்தவரின் மகன், அந்த மைதானத்தின் ஓரத்திலேயே பார்த்துப் பார்த்து ஆட்டம் கற்றவர். அணிக்குப் பதக்கம் கிடைக்கவில்லை; தங்கம் தென் கொரியாவுக்குப் போனது, இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோல்ஃப் பதக்கம் அதிதி அசோக்கின் தனிநபர் வெள்ளி. இதைக் காட்டி, எல்லையைத் திறந்தும் என்ன கண்டோம் என்று கேட்பவர்கள் 1979-க்கும் 1985-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பா என்று பெயர் மாற்றிய பிறகும் அந்த அணி 17–11, 18½–9½, 14½–13½ என்று வரிசையாக மூன்று முறை தோற்றது. நடுவில் 1981-ல் பணத் தகராறு ஒன்றால் பாயஸ்டெரோஸையே வெளியே உட்கார வைத்தார்கள். நான்காவது முறைதான் பெல்ஃப்ரியில் 16½–11½ என்று கோப்பை கைமாறியது. ஹாங்சோவில் இந்தியா ஆடியது தன் முதல் முறையை.