ஒரு பள்ளிக்கூட நோட்டும் ஒரு ரகசிய ஏவுதளமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பள்ளி மாணவர்கள் செய்த ஆராய்ச்சி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இங்கிலாந்தில் உள்ள கெட்டரிங். பூட்ஸ், செருப்புத் தயாரிப்புக்குப் பேர்போன சிறிய ஊர். அங்கிருந்த கெட்டரிங் கிராமர் ஸ்கூலில் ஜெஃப்ரி பெர்ரி என்பவர் இயற்பியல் ஆசிரியர். வேதியியல் ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டருக்கு ரேடியோவில் ஆர்வம் அதிகம்.

1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அடுத்தடுத்து பல செயற்கைக்கோள்கள் போயின. அவற்றில் பல 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் சிக்னல் அனுப்பின. அதைக் கேட்க ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவே போதும். பாடத்தில் வரும் டாப்ளர் விளைவைக் காட்ட பெர்ரி இதைப் பயன்படுத்தினார். ரயில் ஹாரன் நம்மை நெருங்கும்போது கீச்சென்றும், கடந்து போகும்போது தணிந்தும் கேட்கிறதே, அதே சங்கதிதான். சிக்னலின் அதிர்வெண் எந்த நொடியில் வேகமாக இறங்குகிறதோ, அந்த நொடியில் செயற்கைக்கோள் நமக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள்.

வேறு பள்ளியாக இருந்தால் பாடம் முடிந்ததும் ரேடியோவை அணைத்திருப்பார்கள். இங்கே மேல்வகுப்பு மாணவர்கள் விடாமல் கேட்டார்கள். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு மறைந்தது என்று எழுதி வைத்தார்கள்.

அந்தக் கணக்கு பிளஸ் டூ மாணவனுக்குப் பெரிய விஷயமே இல்லை. செயற்கைக்கோள் ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம் எடுக்கிறது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அதன் பாதை சுமார் 22.5 டிகிரி மேற்கே நகரும். இன்று கேட்ட நேரத்தை வைத்து, முதல் சுற்றில் அது எந்த நாடுகளின் மேல் பறந்தது என்று பின்னோக்கிப் போய் வரைபடத்தில் கோடு போடலாம். ஏவுதளம் அந்தக் கோட்டில் எங்கோ இருந்தாக வேண்டும்.

சோவியத் அரசு செயற்கைக்கோளின் சுற்று நேரத்தையும் சாய்வையும் அறிவிக்கும். எங்கிருந்து ஏவினோம் என்று மட்டும் சொல்லாது. கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் தெரிந்த ஏவுதளம். ஆனால் 1966 மார்ச் 17 அன்று போன காஸ்மாஸ் 112-ன் பாதை பைக்கனூரோடு பொருந்தவில்லை. அக்டோபரில் போன காஸ்மாஸ் 129-ம் அப்படியே. இரண்டின் கோடுகளையும் வரைபடத்தில் போட்டால், அவை வடக்கு ரஷ்யாவில் பிளெசெட்ஸ்க் என்ற ஊருக்கு அருகே வெட்டிக்கொண்டன. அங்கே யாரும் சொல்லாத ஒரு ஏவுதளம் இருக்கிறது என்று அந்த வருடம் முடிவதற்குள் கெட்டரிங் குழு உலகத்துக்கு அறிவித்தது.

அமெரிக்க உளவுத்துறைக்கு அந்த இடம் முன்பே தெரியும். 1960-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 விமானம் படமெடுக்கப் போக வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அவர்கள் வாய் திறக்கவில்லை. வெளியே சொன்னவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தார்தான். சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1983-ல், 17 வருடம் கழித்து. பெர்ரிக்கு பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. விருது கொடுத்து கௌரவித்தது.

டீச்சர் டிரெயினிங் முடித்து முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் புராஜெக்ட் என்றால் தெர்மாகோல், கலர் பேப்பர், சார்ட். பாதி வேலை அப்பா அம்மா கையால் நடக்கும். முடிவு என்னவென்று தொடங்கும்போதே எல்லாருக்கும் தெரியும். எரிமலை வெடிக்கும், கைதட்டுவார்கள், மறுநாள் அது குப்பைக்குப் போகும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மார்க்குக்கு எது தேவையோ அதைத்தான் செய்கிறார்கள்.

கெட்டரிங் பிள்ளைகளிடம் இருந்த கேள்விக்கு வாத்தியாருக்கே விடை தெரியாது. ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நாள் கேட்டதில் எதுவும் கிடைத்திருக்காது. பல மாதம் எழுதி வைத்த நோட்டு இருந்ததால்தான், காஸ்மாஸ் 112 வழக்கத்துக்கு மாறாக வந்ததை அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. வழக்கம் எதுவென்று தெரிந்தவனுக்குத்தான் மாற்றம் கண்ணில் படும்.

இதற்குப் பெரிய லேப் வேண்டாம். உங்கள் தெருக் கிணற்றில் கயிறு விட்டு வாரம் ஒரு முறை நீர்மட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அன்றைய மழையையும், எத்தனை மோட்டார் ஓடியது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டில் இருப்பது வேறு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஆசிரிய நண்பர்கள் யாராவது மாணவர்களை வைத்து இப்படிச் செய்திருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.