புரிகிற மொழியில் ஒரு வார்த்தை

செம்மநத்தத்தில் காப்பிப் பழம் எடுத்து முடிந்திருந்த நேரம். சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் ராத்திரி போன் பண்ணினாள்.

"அண்ணா, ஐயர் வைக்கல. நாங்களே ஆளுக்கொரு உறுதிமொழி சொல்லிக்கப்போறோம். நீதான் எழுதித் தரணும்."

மாப்பிள்ளை இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்து அனுப்பிய ஆங்கில உறுதிமொழி ஒன்று அவளிடம் இருந்தது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கே பாதிதான் புரியுது" என்றாள். சித்தப்பாவின் கவலை வேறு: "சினிமாவப் பாத்துட்டு ஆடுதுங்க. நாளைக்குக் கோர்ட்டுல செல்லுமாடா?"

எஸ்டேட் வேலைக்காக மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அவர் கேட்ட கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறு வயசு.

1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததையே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். புரோகிதர் இல்லை, புரியாத மந்திரமும் இல்லை. கல்யாணத்தை அவர் வாழ்க்கை ஒப்பந்தம் என்றார். ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பும் வாய் திறந்து சம்மதிக்க வேண்டும். பொண்ணும்தான்.

பிறகு ஊர் ஊராக இப்படிக் கல்யாணங்கள் நடந்தன. ஆனால் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாத இந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. கால் நூற்றாண்டாகக் குடும்பம் நடத்தியவர்களின் நிலை என்ன? மனைவி மனைவிதானா, பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்குண்டா, எல்லாமே கேள்வியாயிற்று.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரி 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம். பழைய சுயமரியாதைத் திருமணங்களையும் அந்தச் சட்டம் செல்லுபடியாக்கியது.

இப்படிச் செய்கிற கல்யாணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்குப் பயந்து நாலு நண்பர்கள் முன்னால் மாலை மாற்றுகிற ஜோடிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

"செல்லும் சித்தப்பா. பதிவு மட்டும் மறக்காமப் பண்ணிடுங்க" என்றேன்.

சட்டத்தின் அந்தச் சொல்லையே எனக்கு விதியாக வைத்துக்கொண்டேன்: புரிகிற மொழி. நான் எழுதியதில் 'இன்பத்திலும் துன்பத்திலும்' என்றிருந்ததை அவள் அடித்துவிட்டாள். "வீட்டுல யாருண்ணா இப்படிப் பேசுவாங்க?" அதற்குப் பதில் மேடையில் அவள் சொன்னது இது: "பழம் எடுக்குற சீசன்ல நான் வர லேட்டாகும். அன்னிக்குச் சோறு நீங்க ஆக்கணும்."

"ஆக்குறேன்" என்றார் மாப்பிள்ளை. பந்தலே சிரித்தது.

பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "என் கல்யாணத்துல என்னை யாரும் ஒண்ணும் கேக்கலடா."