ஓவர்லாப்

கார் டியூனிங் பேச்சில் ‘ஓவர்லாப்’ என்றாலே கூடுதல் பவர் என்று பொருளாகிவிட்டது. அதிலுள்ள ‘லாப்’ பழைய ஆங்கிலத்தில் ஆடையின் தொங்கும் ஓரம். பிறகே அமர்ந்தவர் மடி. நம் ‘மடி’க்கும் ஆடையின் மடிப்பு, அமர்ந்தவர் மடி என இரு பொருளும் உண்டு. ஓரத்தின்மேல் ஓரம் விழுவது ஓவர்லாப். எஞ்சினில் அது நேரக் கணக்கு: எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில், பிஸ்டன் உச்சிக்கு 15 டிகிரி முன்பே இன்டேக் வால்வு திறந்து, உச்சி தாண்டி 15 டிகிரியில் எக்ஸாஸ்ட் வால்வு மூடினால் ஓவர்லாப் 30 டிகிரி. அதிவேகத்தில் வெளியேறும் புகையே புதுக் கலவையை உள்ளே இழுக்கும்; அளவு மீறினால் ஐடிலிங்கில் எஞ்சின் உதறும். இதைத் தமிழில் ‘மேற்பொருந்துகை’ என்றால் பாடநூல் வாடை. ‘வால்வு’க்கு மூலமான லத்தீன் ‘வால்வா’ இரட்டைக் கதவின் ஒரு பலகை. ஆகவே இரு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் இந்த நேரத்துக்கு ‘இணைதிறப்பு’ என்ற சொல் எனக்குப் பிடிக்கிறது.