மூலையில் இருந்த மந்திரி

குறிகட்டுவான் ஜெட்டியில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கிறவைக்கு ஒன்று தெரியும்: கடல் குழம்பினால் எவ்வளவு அவசரப்பட்டும் பிரயோசனமில்லை. அப்படிக் காத்திருந்த ஒரு நாள் நாங்கள் செஸ் பலகையை விரிச்சு, பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தனாங்கள். அதுவும் தடைப்பட்ட பயணத்தில் தொடங்கின கதைதான்.

2010 ஏப்ரல். உலகச் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த், பல்கேரியாவின் சோபியாவில் வெசலின் டொபலோவை எதிர்கொள்ள வேண்டும். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, பிராங்ஃபர்ட்டில் அகப்பட்ட ஆனந்த் ஏறக்குறைய 40 மணித்தியாலம் தரைவழியாகப் போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் குரூன்ஃபெல்ட் என்ற கூர்மையான தற்காப்பை எடுத்து, 30 நகர்த்தலில் தோற்றார்.

11 ஆட்டம் முடியப் புள்ளிகள் சமம். மே 11, கடைசி ஆட்டம், ஆனந்துக்குக் கறுப்பு. இந்த முறை அவர் எடுத்தது லாஸ்கர் தற்காப்பு. 1894 முதல் 1921 வரை உலகப் பட்டம் வைத்திருந்த இமானுவேல் லாஸ்கரின் பெயரில் வழங்குவது. 7ஆவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை ஈ4 கட்டத்துக்குப் பாயும். பிறகு ஒரு சோடி மந்திரியும் ஒரு சோடி குதிரையும் வெட்டுப்பட்டுப் போகும். இடநெருக்கடியில் நிற்கிற கறுப்புக்கு மூச்சுவிட வழி கிடைக்கும். அவ்வளவுதான். பொறியுமில்லை, வாணவேடிக்கையுமில்லை.

சமநிலையில் முடிந்தால் அடுத்தது விரைவு ஆட்டங்கள். அதில் ஆனந்த் விண்ணன். டொபலோவோ இந்த ஆட்டத்திலேயே வெல்லப் பார்த்தார். 31ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாயை வெட்டினார். ஆனந்த் இன்னொரு சிப்பாயை ஈ4இற்குத் தள்ளிக் கொடுக்க, அதையும் வெட்டினார். ஏ8 மூலையில் சும்மா நிற்கிற மாதிரிக் கிடந்த கறுப்பு மந்திரிக்கு வெள்ளை ராஜா பக்கம் நேர்வழி திறந்தது. அதே கோட்டில் ராணியும் இறங்கியது. 56ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. 6½–5½ என்று பட்டமும் ஆனந்திடமே நின்றது.

ஓபனிங் எண்டால் 15 நகர்த்தலுக்குள் எதிரியை மடக்கிற வித்தை எண்டுதான் நாங்கள் நினைச்சிருந்தனாங்கள். அதுகளைப் பாடமாக்கிக்கொண்டு போட்டிக்குப் போய், எதிரி வேறொன்றை விளையாடினதும் முழுசினதும் உண்டு. இந்த ஆட்டத்தில் ஓபனிங் வெல்லவில்லை. ஆனந்தை உடையாமல் 30 நகர்த்தல் தாண்டிக் கொண்டுவந்து விட்டது. மிச்சத்தை டொபலோவின் அவசரம் செய்தது.

அடுத்த போட்டிக்குப் போற தம்பி, தங்கச்சிமார் இதை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. 7ஆவது நகர்த்தலில் நிப்பாட்டி, அந்தக் குதிரை ஏன் அங்கை போகுது எண்டு உங்களையே கேளுங்கோ.