ஆரணிப் பட்டுச் சாயநீரும் உயர் ஆக்ஸிஜனேற்ற முறைகளும்

1. இரண்டு கழிவுநீர்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியின் பட்டு நூல், தறி ஏறுமுன் இருமுறை கொதிநீரில் இறங்குகிறது. முதல் கொதி பசை எடுக்க. சோப்பும் சோடாவும் இட்ட நீரில் கச்சாப் பட்டு வேகும்போது செரிசின் என்னும் புரதம் கரைகிறது. அது நூலின் எடையில் 20 முதல் 25 விழுக்காடு. கிலோவுக்குக் கால் கிலோ வரை தண்ணீரோடு போய்விடும். மிஞ்சுவது நுரைத்த, வழவழப்பான காரநீர்.

இரண்டாவது கொதி சாயத்துக்கு. பட்டுக்குப் பெரும்பாலும் அமிலச் சாயங்களே. அசிட்டிக் அமிலம் சேர்ப்பதால் அந்தத் தொட்டி நீர் புளித்த வாடை வீசும். நூல் பிடித்தது போக மீந்த நிறம் அதில் தங்குகிறது.

2. முறையின் வேதியியல்

இந்த மீந்த நிறத்தைச் சிதைக்கப் பயன்படுபவை உயர் ஆக்ஸிஜனேற்ற முறைகள். இரும்பு உப்பின் துணையோடு ஹைட்ரஜன் பெராக்சைடு டார்டாரிக் அமிலத்தை ஆக்ஸிஜனேற்றுவதை வேதியியலாளர் ஃபென்டன் 1894-இல் வெளியிட்டார். அந்த இரும்பு உப்பை நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டாலே தருவார்கள். இவ்வினையில் பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பின் ஆக்ஸிஜனேற்ற மின்னழுத்தம் சுமார் 2.8 வோல்ட், குளோரினுக்கு 1.36 மட்டுமே. ஓசோன், புற ஊதாக்கதிர் வழி முறைகளும் இதே தனியுறுப்பை நம்பியவை.

3. பிரிப்பதே முதல் வேலை

இந்தத் தனியுறுப்பு ஆள் பார்த்துத் தாக்குவதில்லை. எதிர்ப்படும் கரிமப் பொருள் எதுவானாலும் அதோடு வினைபுரியும். பசைநீரையும் சாயநீரையும் ஒரே வாய்க்காலில் விட்டால், விலை கொடுத்து வாங்கிய பெராக்சைடை செரிசினும் சோப்பும் தின்றுவிடும். சாயம் அப்படியே நிற்கும். செரிசினை நுண்ணுயிர்களே சிதைக்கும். அதற்கு இந்த முறை வீண்செலவு.

ஃபென்டன் வினைக்கு ஏற்ற அமிலநிலை pH 3 அளவில். சாயநீர் முன்பே அமிலமாக இருப்பதால் கூடுதல் அமிலம் சிறிதே போதும். பட்டுத் தொழிலுக்கு வாய்த்த இந்த அனுகூலத்தைக் காரநீரைக் கலந்து நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

4. எல்லைகள்

சோதனைக் குவளையில் நிறம் மறைந்ததும் நீர் தூய்மையாகிவிட்டது என்று நம்புவது தவறு. நிறம் தரும் அசோ பிணைப்பு முதலில் அறுபடும். உடைந்த துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் நீரில் இருக்கும். வேதி ஆக்ஸிஜன் தேவையை அளந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்கினால் அடியில் படியும் இரும்புக் கசடுக்கும் ஓர் இடம் வேண்டும்.

உப்பை இம்முறை நீக்காது. பருத்திச் சாயத்துக்கு உப்பை அள்ளிக் கொட்டும் திருப்பூரில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. பட்டுச் சாயத்துக்கு அத்தனை உப்பு தேவையில்லை.

ஆரணிக்குச் சுத்திகரிப்புக் கருவி வாங்கத் திட்டமிடுவோர், அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையிலும் பசைநீருக்கு ஒன்று, சாயநீருக்கு ஒன்று என இரண்டு வாய்க்கால் வெட்டித் தர வேண்டும்.