அம்மிக்கல்லும் நேர்முகத் தேர்வும்: நம் பெண்களின் உழைப்பு வரலாறு

பொன்விழாக் காணும் இவ்வேளையில் நம் முன்னோரின் வரலாற்றைப் புரட்டினால், கடை நடத்தியவர்கள், பணமாற்றுத் தொழில் செய்தவர்கள், துறைமுகத்தில் உழைத்தவர்கள் என ஆண்களே முன்வரிசையில் நிற்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து சம்பாதித்த பெண்களையும் இம்மலரில் நினைவுகூர்வது நம் கடமை.

தமிழ் முஸ்லிம்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகவே சிங்கப்பூருக்கு வந்தார்கள். கடையநல்லூர், தென்காசி மக்களோ மனைவி மக்களையும் அழைத்துவந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். கடையநல்லூர் ஸ்திரீட் என்னும் தெருப்பெயர் இன்றும் அவர்களை நினைவூட்டுகிறது. கணவரின் கூலி போதாத வீடுகளில் பெண்கள் மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்து விற்றார்கள். அந்த வருமானம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறவில்லை. ஆனாலும் வீட்டில் அடுப்பு எரிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அதனால்தான்.

1941இல் தொடங்கிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. பின்னர் உயர்நிலைக் கல்வியும் தந்த அப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. வேலைக்கு ஆங்கிலமே வாசல் என்று ஆனபின், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அந்த வாசல் குறுகியது. வீட்டுப் பொறுப்பையும் சுமந்த பெண்களுக்கு அது இன்னும் குறுகியது.

ஆங்கிலம் கற்ற அடுத்த தலைமுறைக்கு வேறு தடைகள் வந்தன. வேலைக்குத் தேவையே இல்லாதபோதும் மாண்டரின் தெரிந்தவர்தான் வேண்டும் என்ற விளம்பரம் ஒன்று. “தூடோங்கைக் கழற்றிவிட்டு வேலை செய்வீர்களா?” என்ற கேள்வி இன்னொன்று. தகுதியெல்லாம் இருந்தும், வேலையா தலைத்துணியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்குப் பல பெண்கள் தள்ளப்பட்டார்கள்.

மாற்றம் மெல்ல வந்தது. நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி 2006இல் அமைந்தது. 2021 ஆகஸ்டில், தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தபடி, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் பொது மருத்துவமனைத் தாதியர் சீருடையுடன் தூடோங் அணியலாம் என்றானது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. இனம், சமயம், மொழி, பாலினம், கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதற்கு எதிரான சட்டம் இது.

ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதல் சில ஆண்டுகள் இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. நம்மவர் நடத்தும் கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் அந்த அளவினவே. எனவே, நியாயம் கேட்கும் இடத்தில் மட்டுமல்ல, அதை வழங்கும் இடத்திலும் நாம் இருக்கிறோம். விண்ணப்பித்து வரும் பெண்ணிடம், “கல்யாணம் எப்போது? பிள்ளையை யார் பார்ப்பார்?” என்று நம் முதலாளிகளே கேட்டால், வெளியாரிடம் நியாயம் பேச நமக்கு எந்த முகம் இருக்கும்?

உதவிக்கு வழிகள் இல்லாமல் இல்லை. 1982இல் தோன்றிய மெண்டாக்கியும் 1991இல் தோன்றிய சிண்டாவும் நம் குடும்பங்களுக்குத் திறந்தே இருக்கின்றன. அந்த வாசல்வரை கூட்டிச் செல்லும் வேலை சங்கங்களுடையது. விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்றுத்தருவது, நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி அளிப்பது, மறுபடி வேலைக்குப் போக விரும்பும் தாய்க்குப் பிள்ளை பராமரிப்பில் கைகொடுப்பது ஆகியவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. அநியாயம் நேர்ந்தால் விளம்பரத்தையும், பேசிய நாளையும், சொன்ன சொல்லையும் குறித்துவைத்து முறையிடவும் நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

2017இல் அதிபரான திருவாட்டி ஹலிமா யாக்கோப்பின் தந்தை இந்திய முஸ்லிம். ஹலிமாவின் எட்டு வயதில் அவர் காலமானார். அதன்பின் உணவு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் தாயார். சட்டம் படித்த மகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சங்கத்தில் பணியாற்றினார். இப்படி உழைத்த தாய்மார் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்கள் என்ன வேலை செய்தார்கள், எவ்வளவு கூலி வாங்கினார்கள், எங்கே தடுக்கப்பட்டார்கள் என்று இன்றே கேட்டு எழுதிவையுங்கள். அடுத்த மலரில் அவர்களின் உழைப்பும் ஏறட்டும், இன்ஷா அல்லாஹ்.